பூங்காக்காரரின் வீட்டு வாசல்

என் அக்கா ஒலிந்தாவின் கணவர் ஜெர்வாசியோ கல்நெஞ்சக்காரர் என்று நான் சொன்னால், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கிழக்கு ப்ராவிடன்ஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவருக்கு ஊரில் அத்தனை நல்ல பேர். எங்களைப் போலவே போர்ச்சுகீசிய அசோர்ஸ் தீவுகளிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். நகைப் பட்டறையில் பாலிஷ் போட்டு நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, அப்புறம் இருபத்தாறு வருடம் ஆற்றோரத்துச் சின்னப் பூங்காவுக்குப் புல் வெட்டினார்.

முந்நூறு வருடத்துக்கும் முன்னால் இங்கே வந்து குடியேறிய பாதிரியார் ரோஜர் வில்லியம்ஸ் நினைவாக வைத்த பூங்கா. நாலு பெஞ்சு, ஒரு கல்வெட்டு, ஒரு மேப்பிள் மரம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இவரே கதை சொல்வார்.

"சாமிய பத்தி வேற மாதிரி நினைச்சார்னு அந்த மனுஷன ஊர விட்டே துரத்திட்டாங்க. பனியில நடந்தே வந்தார். வந்த இடத்துல, இனி யாரும் யாரையும் சாமி பேரச் சொல்லித் துரத்தக் கூடாதுன்னு சொன்னார்!"

சொல்லும்போது கண் கலங்கிவிடும். அது நடிப்பும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவர்களுக்கு ஒரே மகள், நத்தேர்சியா. பல் டாக்டரிடம் வேலை. முப்பது வயதில் பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்து, குழந்தையில் கொடுத்தது போதாதென்று முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். பரம கத்தோலிக்கரான அத்தான் தையத்தக்கா என்று குதித்தார்.

"ஏம்ப்பா, உங்க பூங்கா ரோஜர் வில்லியம்ஸும் ரெண்டாந்தரம் ஞானஸ்நானம் எடுத்தவர்தானே?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் தனியாக வீடு பார்த்துப் போய்விட்டாள்.

மூன்றாம் வருடம் அக்காவுக்குக் கணையத்தில் புற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாகறதுக்குள்ள என் பொண்ணு என் பக்கத்துல வந்து உக்காரணும்டி."

அந்த வசந்தத்தில் பார்த்து, கிரீடம் யார் வீட்டில் தங்குவது என்று சர்ச்சில் போட்ட குலுக்கலில் அத்தான் பேர் விழுந்திருந்தது. எங்கள் தீவு வழக்கப்படி ஈஸ்டர் முடிந்து ஏழு வாரம், தூய ஆவியின் வெள்ளிக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீடாகத் தங்கும். கூடத்தில் பீடம், வெள்ளைப் பட்டு, பூ, தினமும் ஜெபமாலை. வருகிறவர்கள் கிரீடத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். சனிக்கிழமை மாட்டிறைச்சி சூப்புக்கு வீடு நிறைய ஆள். அன்றைக்குத்தான் நத்தேர்சியா வந்தாள். வரச் சொன்னது நான். இத்தனை பேர் முன்னால் விரட்டமாட்டார் என்று கணக்குப் போட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அத்தான் கிரீடத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"முத்தம் குடு. அப்புறம் உள்ள வா."

"அப்பா, நான் அத அவமதிக்க வரல. ஆனா முத்தம் குடுக்கறது எங்க சபையில கூடாது. அம்மாவ பாக்கணும். பின்கதவு வழியாக்கூட வர்றேன்."

"இந்த வீட்டுக்கு வழி இது ஒண்ணுதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கதை சொல்றீங்களே அத்தான், வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"அது பூங்கா. இது என் வீடு. நீ வாய மூடு, லெயோனில்டே."

கதவைச் சாத்தினார். சூப் குடித்தவர்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சாய்வு நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவும் இல்லை.

ஜூலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறைக்குள் இரண்டு பேர்தான் இருக்கலாம், யார் யார் என்று நர்ஸ் அக்காவிடமே கேட்டாள். அக்கா என்னைக் காட்டினாள். அப்புறம், நான் போன் செய்து ஓடி வந்திருந்த நத்தேர்சியாவைக் காட்டினாள்.

"நான் புருஷன்மா," என்றார் அத்தான் நர்ஸிடம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மதியம், மகள் கையைப் பிடித்தபடியே அக்காவின் உயிர் பிரிந்தது. நான் வெளியே வந்து சொன்னேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசியில என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல, அத்தான்," என்றேன்.