தொண்ணூற்றைந்தில் தொடங்கும் நடுக்கம்

வேகமானியின் முள் தொண்ணூற்றைந்தைத் தொட்டதும் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. நூறில் அந்த ஆட்டம் முத்லக்கின் முழங்கை வரை ஏறியது. நூற்றைந்தில் கண்ணாடியில் தொங்கிய நீல மணி கிலுகிலுத்தது. வண்டிக்குக் கண்பட்டிருக்கிறது என்று அவன் தங்கை கட்டிவிட்ட மணி அது. மணியும் சேர்ந்து ஆடியதுதான் கண்ட பலன்.

"நிறுத்துங்க," என்றாள் அவன் மனைவி ஹம்தா.

துறைமுக நகரமான அக்கபாவுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது. பாஸ்பேட் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் அவள் இறங்கி, பையை மார்போடு அணைத்து நின்றாள். சனி, திங்கள், புதன் என்று வாரம் மூன்று நாள் அக்கபா மருத்துவமனையில் அவளுக்கு டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு திணறும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லத்தான் செய்தார், முத்லக்தான் பாதியில் எழுந்து வந்துவிட்டான்.

"எண்பதுலயே போறேன். எண்பதுல ஆடாது, ஹம்தா."

"ஆடலேன்னா கோளாறு எறங்கிப் போயிடுச்சா? உள்ளதான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு."

"வேற வண்டி கேக்கறேன்."

"வாரத்துக்கு மூணு நாள், வருசம் பூரா, எவன் குடுப்பான்? என் தம்பியும் இந்த ரோட்டுலதான் போனான். டயர் வெடிச்சு மண்ணுல உருண்டப்போ அவனைப் பொறுக்கித்தான் எடுத்தாங்க. சாகறதுன்னா வீட்டுலயே சாகறேன். இந்த வண்டில இனி ஏற மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்திசையில் வந்த உறவுக்காரர் ஒருவரின் காரில் ஏறி வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். சனிக்கிழமை முறை தவறியது.

முத்லக் இதுவரை சும்மா இருந்தவனில்லை. மூன்று பட்டறை பார்த்துவிட்டான். ஒருவன் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டைராட் எண்டை மாற்றினான். ஒருவன் பிரேக் டிரம் என்றான். மூன்றாமவன் சக்கரங்களின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி பேலன்ஸ் செய்து, ரிம்மில் ஈயக்கட்டி ஒட்டி, "பட்டு மாதிரி ஓடும்" என்றான். பட்டு மாதிரித்தான் ஓடியது, மூன்றே மூன்று நாள். மறுபடி ஆட்டம். மறுபடி பேலன்ஸ், மறுபடி பட்டு, மறுபடி ஆட்டம். மூன்றாம் முறை முத்லக் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்காத குறை. ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கழுதையைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத அவன் மாமனார்கூட கியர்பாக்ஸைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்தார்.

கடைசியாக அன்றே அவன் போனது தன் ஊரான குவைராவின் விளிம்பில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் சுவைலிமிடம். முன்னமே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சுவைலிமின் இரண்டு கையும் நடுங்கும். தானே நடுங்குகிறவன் வண்டியின் நடுக்கத்தை எங்கே கண்டுபிடிக்கப் போகிறான் என்று ஊரே கேலி பேசியது. முத்லக்கும் பேசியிருக்கிறான்.

சுவைலிமுக்கு நாற்பது வயதிருக்கும். பதினைந்து வருடம் பாஸ்பேட் லாரி ஓட்டினவன். ஒருநாள் மலையிறக்கத்துக்கு முன்னால் ஸ்டியரிங் பிடித்த உள்ளங்கையில் லேசாக ஒரு துடிப்பு தெரிந்திருக்கிறது. துறைமுகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். இறக்கத்தில் நட்டு கழன்ற சக்கரம் அவனை முந்திக்கொண்டு உருண்டு போனதை அவன் கண்ணாலேயே பார்த்தான். அதற்குப் பிறகு அவன் பார்த்தது மருத்துவமனைக் கூரையைத்தான். இடது கால் மடங்குவதில்லை, கைகளில் நடுக்கம் நிற்பதில்லை, வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து, எவன் வண்டி ஆடினாலும், 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சு அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. பழைய பேலன்ஸ் மெஷின் ஒன்றும் ஒரு ஜாக்கியும் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

முத்லக் போய் உட்கார்ந்ததும் சுவைலிம் குவளையின் அடியில் கொஞ்சமாகக் காபி ஊற்றிக் கொடுத்தான். முத்லக் அதை வாங்கித் தரையில் வைத்தான். குடிக்கவில்லை.

அந்தப் பக்கத்து வழக்கத்தில், உதவி கேட்டு வந்தவன் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் வீட்டுக்காரன் விளையாட முடியாது. 'குடிங்க, உங்க காரியம் ஆச்சு' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தலையை அடகு வைத்தாவது முடித்துத் தரவேண்டும். பெண் கேட்கப் போகிறவர்களும், கொலைப் பகைக்குச் சமாதானம் பேசப் போகிறவர்களும்தான் இப்படி வைப்பார்கள். டயர் கடையில் யாரும் வைத்ததில்லை.

சுவைலிம் குவளையைப் பார்த்தான், முத்லக்கின் முகத்தைப் பார்த்தான்.

"என்னண்ணே இது, பெண்ணு கேக்க வந்த மாதிரி?"

"ஹம்தா வண்டில ஏற மாட்டேங்கறா. திங்கக்கிழமை அவ ஏறணும்."

சுவைலிமின் சிரிப்பு நின்றது. "நான் இப்ப ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். சக்கரம் சொல்லட்டும். அதுவரைக்கும் அது இருக்கட்டும்," என்று குவளையை ஒரு தட்டால் மூடினான்.

பிறகு கேள்விகள். ஆட்டம் கையில் வருகிறதா, உட்காரும் இடத்தில் வருகிறதா? கையில். பிரேக் மிதித்தால் கூடுகிறதா? இல்லை. எத்தனையில் தொடங்குகிறது? தொண்ணூற்றைந்து. எத்தனையில் அடங்குகிறது?

"அடங்குமா?"

"நூத்திருபதுக்கு மேல போய்ப் பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை. தனியாப் போனப்போ." முத்லக் யோசித்தான். "ஆமா. குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. பயத்துல நானா நெனச்சுக்கிட்டேன்னு விட்டுட்டேன்."

"அப்ப டிரம் இல்ல, டைராட் இல்ல. உருள்றதுலதான் கோளாறு. வாங்க."

வண்டியில் ஏறி அவன் இன்னொரு குவளையை டேஷ்போர்டில் மாவு உருண்டை வைத்து ஒட்டினான். அதில் விளிம்பு தளும்பக் காபி ஊற்றினான். நடுங்கும் கையால் ஊற்றியதில் பாதி வெளியேதான் போயிற்று. முத்லக்குக்கு முகம் சுருங்கியது. விருந்தாளிக்கு நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம்.

"கோவிச்சுக்காதீங்க. இது உங்களுக்கில்ல, வண்டிக்கு. என் கைய நம்ப முடியாதுல்ல, அதான்."

நெடுஞ்சாலையில் எண்பது வரை காபி அசையவில்லை. தொண்ணூற்றைந்தில் நடுவிலிருந்து மெல்லிய வளையங்கள் கிளம்பின. நூற்றைந்தில் சொட்டுச் சொட்டாக வழிந்தது. சாலையோரம் நிறுத்தி, வலது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் இடம் மாற்றினார்கள். மறுபடி ஓட்டினார்கள். ஸ்டியரிங் அப்படியேதான் ஆடியது. இடது பக்கத்தை மாற்றினார்கள். இம்முறை ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. முத்லக்கின் இருக்கை மட்டும் கீழேயிருந்து குறுகுறுத்தது.

முத்லக் வண்டியை ஓரம் கட்டினான். இத்தனை மாதம் பேய் மாதிரி வண்டி முழுக்கத் திரிந்த ஒன்றை, இந்த ஆள் கழுத்தைப் பிடித்து ஒரு சக்கரத்தில் உட்காரவைத்துவிட்டானே!

"இடது பக்கம் முன்னால இருந்த சக்கரம். அது பின்னால போனதும் ஆட்டமும் கூடவே போயிடுச்சு. இவன்தான்," என்றான் சுவைலிம்.

கொட்டகைக்குத் திரும்பி மெஷினில் போட்டுப் பார்த்தான். ரிம் நெளியவில்லை. பட்டறைக்காரன் ஒட்டிய ஈயம் ஒன்றுகூட விழவில்லை, ஆனால் இருந்த இடம் தப்பாயிருந்தது. சரியான இடத்துக்கு மாற்றி ஒட்டியதும் சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. முத்லக் துள்ளி எழுந்தான்.

"உக்காருங்க. இது நாலாவது தடவையா நேராகுது. நேராக்கறது பெரிய காரியமில்ல. ஏன் கோணுதுன்னு தெரியணும்." சுவைலிம் சக்கரங்களைப் பழைய இடங்களிலேயே மாட்டி, சாக்பீஸை எடுத்து, நான்கிலும் டயரிலிருந்து ரிம்முக்கு ஒரே கோடாக இழுத்தான். நடுங்கிய கையில் கோடு புழுவாக நெளிந்தது. "நாளைக்கு வழக்கமா என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணிட்டு வாங்க. ஒண்ணும் குறைக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை முத்லக் ஆட்டுப்பட்டிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றிப் போனான். மணல் தொடங்கும் இடத்தில் எல்லோரையும் போல நான்கு டயரிலும் பாதிக்கு மேல் காற்றை இறக்கினான். டயர் சப்பையானால்தான் மணல் வழிவிடும். மேட்டில் நாலு சக்கரத்தையும் முடுக்கி உறுமிக்கொண்டு ஏறினான். திரும்பி வந்து காற்று நிரப்பித் தார்ச்சாலைக்கு வந்தால், தொண்ணூற்றைந்தில் அதே ஆட்டம். அழுகை வந்தது அவனுக்கு. விடிந்தால் திங்கள். அன்று காலையிலேயே கால் வீங்கி ஹம்தாவுக்குச் செருப்பு நுழையவில்லை.

சுவைலிம் கொட்டகை வாசலிலேயே காத்திருந்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று சக்கரத்தில் கோடு அப்படியே இருந்தது. இடது முன்சக்கரத்தில் கோடு இரண்டாக ஒடிந்திருந்தது. ரிம்மில் ஓரிடம், டயரில் நாலு விரல்கடை தள்ளி ஓரிடம்.

"டயர் ரிம்முக்குள்ளயே நழுவுது," என்றான் சுவைலிம் மெதுவாக. "ஈயம் ரிம்மோட நின்னுடுது, டயர் நகந்துடுது. ஒவ்வொரு தடவை மணல்ல போறப்பவும். பட்டறைக்காரன் பொய் சொல்லலண்ணே."

நாலு விரல்கடை! நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுற்றுகிறது, அத்தனை தடவையும் அந்த நாலு விரல்கடை ஒரு குத்து விடுகிறது என்று சுவைலிம் சொன்னபோது, படைத்தவனின் பெயர்தான் முத்லக்கின் வாயில் வந்தது. தன் மனைவியின் உயிர் இத்தனை நாள் இந்தக் கோட்டில் தொங்கியிருக்கிறது.

"ஆனா ஏன் இது மட்டும்?" என்று கேட்டுக்கொண்டே சுவைலிம் டயரைக் கழற்றினான். ரிம்மோடு கவ்வும் விளிம்பு மஞ்சளாகப் பளபளத்தது. விரலால் தொட்டான், மோந்தான், இன்னொரு தடவை மோந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"முத்லக் அண்ணே, இந்த டயரை யார் மாட்டினது?"

"நான்தான். வசந்தத்துல, மணல்ல கூடாரம் போட்டிருந்தப்போ. பழசு கிழிஞ்சுபோச்சு."

"டயர் உள்ள போறதுக்கு என்ன தடவினீங்க?"

முத்லக் தலையைச் சொறிந்தான். "சோப்பு இல்ல. தண்ணியும் ஆடுங்களுக்கே பத்தல. ஹம்தா உருக்கி வச்ச நெய் இருந்துச்சு..."

"ஆட்டு நெய்! சோப்புன்னா காஞ்சு பிடிச்சுக்கும். நெய் எந்தக் காலத்துல காஞ்சுது? இவ்வளவு நல்ல நெய்ய அக்கா எனக்கு ஒரு கிண்ணம் குடுத்திருந்தா சோத்துல ஊத்தித் தின்னிருப்பேன். நீங்க சக்கரத்துக்கு ஊட்டியிருக்கீங்க!"

பெட்ரோல் போட்டு விளிம்பைத் தேய்த்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவி மாட்டினார்கள். பேலன்ஸ் பார்த்து, புதுக்கோடு இழுத்தான் சுவைலிம். காற்றை இறக்கி மணல்மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினார்கள். கோடு ஒடியவில்லை. தட்டால் மூடிய குவளையைச் சுட்டி, "இப்பக் குடிக்கலாம்," என்றான் சுவைலிம்.

"ஹம்தா ஏறட்டும்."

திங்கட்கிழமை காலை முத்லக் அவளிடம், குடிக்காமல் வைத்த காபி உட்பட, எதையும் மறைக்காமல் சொன்னான். நெய் விஷயம் வந்தபோது அவள் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வெறுங்காலோடு நடந்து போய், இடது முன்சக்கரத்தின் அருகே சிரமப்பட்டுக் குனிந்து, அந்த நெளிந்த கோட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு நடுங்கின கோட்டை யார் போட்டது?"

"நான்தான்க்கா," என்றான் பின்னிருக்கையிலிருந்து சுவைலிம்.

"நீயும் கூட வர்றியா?"

"வண்டி ஆடினா நானும் சேந்துதான் உருளணும். எனக்கு ஒரு தடவை உருண்டதே போதும்."

அவள் ஏறினாள். டேஷ்போர்டில் குவளை தளும்ப நின்றது. தொண்ணூறு. முத்லக் மிதியை இன்னும் அழுத்தினான். தொண்ணூற்றைந்து. நீல மணி அசையவில்லை. நூறு, நூற்றைந்து. பின்னால் சுவைலிமின் கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. வண்டியில் நடுங்கியது அவை மட்டும்தான். தன் தம்பி போன இடத்தை வண்டி தாண்டும்போதும் ஹம்தா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வானம் ஒரு துண்டு விழுந்து, கலையாமல் கிடந்தது.

அவள் கையை நீட்டிக் குவளையைப் பெயர்த்தெடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கணவனின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"குடிங்க," என்றாள். "உங்க காரியம் ஆச்சு."