நாலாவது மாடி பிதாகரஸ்

போன வெள்ளிக்கிழமை என் கணவர் ஃபூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஷார்ஜாவில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக் காலை என்றால் அது ஃபூல்தான். மொச்சை மாதிரி பெரிய கொட்டையைக் குழைய வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். கீழே கஃப்டீரியாவில் வாங்கிவந்து, சூடான குபூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவோம். அன்றைக்கு நான் இட்லி என்று வாயெடுத்தால்கூட இவர் முறைப்பார். அப்படிப்பட்ட மனுஷன் தட்டைத் தள்ளி வைக்கிறார்!

"வயிறு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. எனக்கு பீன்ஸ் வகையே ஆகாதாம்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"பிதாகரஸ்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுர்ரென்று ஏறியது. ஏனென்றால்… பிதாகரஸ் என் ஆள்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், நான் இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். செங்கோண முக்கோணத்தை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறவள். அந்த மனுஷனுக்காக நான் எழுதித் தீர்த்த மார்க்கர் பேனாக்கள் கொஞ்சமா?

ஆனால் எங்கள் பில்டிங்கில் பிதாகரஸ் என்றால் யாருக்கும் என் ஞாபகம் வராது. நாலாவது மாடி கல்பனாதான்.

கல்பனா கோயம்புத்தூர்க்காரி. ஆன்லைனில் ஏதோ கோர்ஸ் முடித்துவிட்டு, பிதாகரஸ் முறையில் நியூமராலஜி பார்க்கிறாள். பெயரின் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்டு, கூட்டி, மறுபடியும் கூட்டி, ஒற்றை இலக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். அதுதான் நீங்கள். உங்கள் குணம், குடும்பம், கிரகம், எதிர்காலம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள்! காசு வாங்குவதில்லை — ஜோசியத்துக்குக் காசு வாங்கினால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். ஏலக்காய் டீ வேறு தருவாள். லிஃப்ட்டில் நாலாவது மாடி பட்டன் மட்டும் தேய்ந்து கிடக்கிறது.

அவள் ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறாள். பத்துப் புள்ளிகள், முக்கோணமாக. மேலே ஒன்று, அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு. பிதாகரஸின் சீடர்கள் அதன்மேல்தான் சத்தியம் செய்வார்களாம். பிரபஞ்சமே அதற்குள் அடக்கமாம். அதே பத்துப் புள்ளிகளை நான் வகுப்பில் போர்டில் வைத்தால், "மிஸ், இது டெஸ்ட்டுக்கு வருமா?" என்று கேட்கிறார்கள். அவள் ஃப்ரேம் போட்டு மாட்டினால், எதிரே உட்கார்ந்து பெண்கள் கண்கலங்குகிறார்கள்.

இது நியாயமா? நான் நிரூபிக்கிறேன், எனக்குக் கொட்டாவி. அவள் நம்பச் சொல்கிறாள், அவளுக்குக் கண்ணீர்!

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி ஏன் மழுப்ப வேண்டும்? லிஃப்ட்டில் அவள் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று விசாரித்தால்கூட எனக்கு வயிறு எரியும். என் மகளே ஒருநாள், "கல்பனா ஆன்ட்டி செம கூல்ம்மா" என்றாள். அன்று முழுக்க அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது என் வீட்டுக்காரரையும் இழுத்துவிட்டாளா? இவர் எப்போது அங்கே போனார்… என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்?

ஃபூல் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு விறுவிறுவென்று நாலாவது மாடிக்குப் போனேன். பிதாகரஸ் பீன்ஸை ஒதுக்கினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒன்றுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. இதில் ஆரம்பித்து ஒரு பாடமே எடுத்துவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க்கா. அண்ணன் ஆபீஸ்ல ஏதாச்சும் முடிவு சொல்லிட்டாங்களா? எனக்கு அதே நெனப்புங்க்கா."

என்ன முடிவு? எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் கணவர் விஷயம் இவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள முடியுமா? "இன்னும் இல்ல" என்று தலையாட்டினேன்.

அவள் பேசப் பேசத்தான் விஷயம் பிடிபட்டது. இவருடைய டிபார்ட்மென்ட்டையே வேறு நாட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு விசா கேன்சல் ஆகும் என்று அடுத்த மாதம்தான் தெரியுமாம். மகள் ப்ளஸ் டூ படிக்கிற வருஷம் இது.

"அண்ணன் ரொம்ப ஒடஞ்சு போயிட்டாருங்க்கா. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"நம்பர் என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு என்ன கேட்பது?

"நம்பரே பாக்கலீங்க்கா. அவரு பேசிட்டே இருந்தாரு, நான் கேட்டுட்டே இருந்தேன். கெளம்பறப்ப, 'நான் எதாவது செய்யணுமாம்மா?'ன்னாரு. வெறுங்கையோட எப்படீங்க்கா அனுப்பறது? அதான், பீன்ஸ் சாப்பிட வேண்டாம்னு சொல்லி வெச்சேன்."

பாடம் எடுக்கப் போனவள் அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். பொறாமை குறைந்ததா? அது எப்படிக் குறையும்? அந்தப் பத்துப் புள்ளி படத்தின்மேல் இருந்ததெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. என் கணவர் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில்லை!

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டிவி ஓடவில்லை.

"உங்கிட்ட சொன்னா உடனே கணக்குப் போட ஆரம்பிச்சுடுவ. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், எத்தனை மாசம் தாக்குப்பிடிக்கலாம்னு… நான் அடுத்த வார்த்தை பேசறதுக்குள்ள விடையோட வந்து நிப்ப. அந்தப் பொண்ணு ஒன்பதுக்கு மேல எண்ணுறதே இல்ல. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

அவர் 'வாடகை' என்று சொன்னபோதே என் மண்டைக்குள் கழித்தல் தொடங்கியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். மேனேஜர் இப்போதெல்லாம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆபீஸில் யாரும் சேர்ந்து டீ குடிக்கப் போவதில்லை. இந்த வயதில் ஊருக்குப் போய் யாரிடம் வேலை கேட்பது என்ற பயம். மகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். குறுக்கே பேசாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

கடைசியில், "இப்ப என்னதான் பண்றது? நீயே சொல்லு" என்றார்.

"தெரியலைங்க" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் இப்படிப் பதில் சொன்னதில்லை. என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டார். தோள் ஈரமாவது தெரிந்தது. கல்பனாவுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்துவிட்டது.

எத்தனை மாதம் தாங்கும் என்பதை அதற்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது வேறு விஷயம். நல்லவேளை… மனக்கணக்குக்குச் சத்தம் கிடையாது!