அம்மா மாற்றிச் சொல்லவில்லை

எங்கள் அம்மா இறைவனிடம் சென்று இந்தத் திருவருகைக் காலத்தோடு ஓராண்டு நிறைகிறது. வீட்டில் நாள் கிழமைகளைக் குறித்து வைப்பவன் நான் என்பதால், இந்த நினைவு மலரில் இதை எழுதும் பொறுப்பு மூத்த மகனான எனக்கு வந்தது.

அம்மா பாகூருக்குத் தெற்கே ஏரிப் பாசன ஊர் ஒன்றில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மணமாகி வில்லியனூர்ப் பக்கம் வந்தார். அப்பா கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆலைக்கு லோடு போன நாள்களில் சாராயக்கடை வழியாகத் திரும்புவார். வந்ததும் அடிப்பார்.

அம்மாவுக்குத் தேதி நினைவில் நிற்காது. திருநாள்களை வைத்தே சொல்வார். வாங்கிய அடிகளைப் பற்றி அவர் சொல்லி நான் நோட்டில் எழுதியவை இவை. சாம்பல் புதனன்று முன்பற்கள் இரண்டு. குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் இடது மணிக்கட்டு. கொடியேற்றத்தன்று அம்மிக்குழவியால் விலா. அந்த முறை தேர் பார்க்க அம்மாவால் எழுந்து வர முடியவில்லை.

ஒவ்வொரு முறையும் அப்பாவின் அண்ணனான பெரியப்பா வருவார். கோயில் காரியங்களில் முன்நிற்பவர். அப்பாவைப் பீடத்தின் முன் நிறுத்தி, இனிக் குடிப்பதில்லை என்று எரியும் மெழுகுவத்தியைத் தொட்டுச் சத்தியம் செய்ய வைப்பார். பிறகு அம்மாவிடம், கடவுள் மாறாதவர், நீயும் மாறாமல் இருந்து குடும்பத்தைக் காப்பாற்று என்பார். கடவுள் மாறாதவர் என்பதை அம்மா கடைசி மூச்சுவரை நம்பினார். அப்பாவின் சத்தியத்தையும் அதோடு சேர்த்து நம்பியதுதான் தன் தவறு என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

ஒரு பெரிய வியாழன். நடுப்பகல். சோறு ஆறிவிட்டதென்று அப்பா கரும்பு வெட்டும் கத்தியை அம்மாவின் மேல் ஓங்கினார். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை குறுக்கே பாய்ந்தாள். கத்தி அவள் வலத் தோளில் இறங்கியது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தடுக்கப் போன என் மூக்கைக் கத்திப்பிடியால் உடைத்தார். அடுத்த தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் தம் மினி லாரியில் எங்களை ஏற்றிப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தார்.

வாக்குமூலம் வாங்கப் போலீஸ் ஏட்டு வருவதற்கு முன் பெரியப்பா வந்துவிட்டார்.

"புல்லு வெட்டுற மிஷின்ல மாட்டிக்கிச்சின்னு சொல்லிடும்மா. அவன உள்ள வச்சிட்டா வூடு இன்னா ஆவும்?"

அம்மாவின் கையில் தங்கையின் ரத்தம் காய்ந்திருந்தது. "சாமி மாறாதவருன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"பொய்யி அவருக்கு எப்பவும் புடிக்காது. அவரு மாறல. நான் ஏன் மாத்திச் சொல்லணும்?"

ஏட்டிடம் அம்மா எதையும் மறைக்கவில்லை. அவர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் உறவில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கல்லெறிந்து கூரை ஓடுகளை உடைத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். உயிர்ப்பு ஞாயிறு பூசையில் அம்மாவின் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. தங்கை விடைகளைச் சொல்ல, வேறொருவர் எழுதித் தேர்வு முடிந்தது. நீதிமன்றத்திலும் அம்மா அதே வார்த்தைகளைச் சொன்னார். அப்பா சிறைக்குப் போனார். அம்மா நடவுக்கும் களைக்கும் போய் எங்களை ஆளாக்கினார்.

சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்த கடைசி வாரத்தில், அப்பாவை மன்னித்துவிட்டீர்களா என்று தங்கை கேட்டாள்.

"எப்பவோ மன்னிச்சிட்டேன்டி. அதுக்காவ அடிக்கவே இல்லன்னு சொல்ல முடியுமா?"

மினி லாரி ஓட்டிய பாய்க்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்த ஏட்டுக்கும், அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவந்த சகோதரிகளுக்கும் நன்றி. அடக்கத்துக்கு வந்து குழிக்கு முதல் மண் போட்ட பெரியப்பாவுக்கும் நன்றி.

தண்டனை முடிந்து வந்த அப்பா இப்போது பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறார். இம்மலரில் ஒரு பிரதி அப்பாவுக்கும் போகிறது. அவருக்கென்று ஒரு வரியையும் நான் மாற்றவில்லை.