பிராக்கம் வயலின் பன்னிரண்டு காசுகள்

மேவிஸ் ஆல்டஸுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கையெழுத்து சிறுத்துப்போகும். ஹேவர்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தின் மாடியறையில் பன்னிரண்டு வருடமாக அவள் எழுதி வைத்த குறிப்பேடுகளைப் புரட்டினால், எந்தெந்த நாளில் எரிச்சலாக இருந்தாள் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் பீட் கிழங்குச் சாற்றை எடைபோட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது நாற்பது வயது. சம்பளமில்லாத உதவியாளராக அருங்காட்சியகத்துக்கு வந்தாள்; தராசில் அவளுக்கிருந்த பொறுமையைப் பார்த்து, வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுத்தார்கள். இங்கிலாந்தின் சஃபோக் வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு திரிகிறவர்கள் கொண்டுவரும் பொருட்களை, முக்கியமாகப் பழைய ஆங்கிலோ-சாக்சன் வெள்ளிக் காசுகளை, இன்னதென்று அடையாளம் கண்டு பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை. அந்தக் காசுகளில் பொறித்திருக்கும் பழைய ரூன் எழுத்துகளைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து தானாகவே படித்துக்கொண்டாள்.

அந்தக் காசுகள் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடக்குறைய எடை. ஆயிரத்து முன்னூறு வருடம் மண்ணில் கிடந்தவை. எடை, விட்டம், இருபுறமும் படம், எந்த அரசன் காலத்தது, யார் அடித்தது என்று எல்லாவற்றையும் மேவிஸால் சொல்லிவிட முடியும். ஒன்றே ஒன்றைத்தான் காசைப் பார்த்துச் சொல்ல முடியாது: அது எங்கே கிடைத்தது என்பதை. கொண்டுவந்தவர் சொன்னால்தான் உண்டு. தனியாகக் கிடைத்த காசைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டமும் கிடையாது. மனமிருந்தால் காட்டுவார்கள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை கிராம மன்றத்தில் டிடெக்டர்காரர்களின் கிளப் கூடும். மூலையில் ஒரு மடக்கு மேசை போட்டு மேவிஸ் உட்காருவாள். புகைப்படச் சுருள் டப்பாவிலும் தீப்பெட்டியிலும் மாத்திரை உறையிலும் போட்டுக் காசுகளை நீட்டுவார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பார் ஒருவர். மைத்துனர் நிலம் என்பார் இன்னொருவர். எந்த மைத்துனர், எந்த நிலம் என்று கேட்டால் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அதட்ட முடியாது. அதட்டினால் அடுத்த மாதம் வரமாட்டார்கள். அவள் சிரித்தபடி 'இடம் சரியாகத் தெரியவில்லை' என்று எறும்பு எழுத்தில் எழுதுவாள்.

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஆறுதலாக இருந்தவர் நெவில் கராட். எழுபது வயது. பீட் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு. காசோடு ஒரு துண்டுக் காகிதத்தில், அது கிடைத்த இடத்தைச் சுட்டும் எட்டு இலக்க வரைபட எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதித் தருவார். ஆறு வருடத்தில் அவர் கொண்டுவந்த வெள்ளிக் காசுகள் பன்னிரண்டு. பன்னிரண்டும் பிராக்கம் என்ற ஊரில் ஒரே வயல்.

பன்னிரண்டாவது காசு வந்த மாலை மேவிஸ் அதை விளக்கடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ரூன் எழுத்துகள், ஒன்று தலைகீழாக. பியோன்னா. கிழக்கு ஆங்கிலியாவை ஆண்டவன், அவனைப் பற்றி எழுதி வைத்தவர்கள் அதிகமில்லை; பெரும்பாலும் அவன் காசுதான் அவனுக்குச் சாட்சி. விளிம்பு கூடத் தேயவில்லை. நெவில் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, நல்ல காசா என்று மட்டும் கேட்டார். மேவிஸ் தலையாட்டினாள். அன்று அவள் எழுத்து பெரிதாக, வட்டமாக இருந்தது.

ஒரே வயலில் பன்னிரண்டு வெள்ளிக் காசு என்றால் சும்மா இல்லை. அங்கே ஒரு காலத்தில் சந்தை கூடியிருக்க வேண்டும். பதிவேட்டில் இதைக் கவனித்த டாக்டர் ஆன்தியா மோல் என்ற ஆய்வாளர் பிராக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கினார். இரண்டு வருட உழைப்பு. அச்சுக்குப் போகும் சமயத்தில், வயலின் படம் ஒன்று வேண்டும், நிலக்காரரிடம் கேட்டு எடுத்து அனுப்ப முடியுமா என்று மேவிஸுக்கு எழுதினார்.

மேவிஸ் அந்த வயலைப் பார்த்ததே இல்லை. போக்குவரத்துப்படியை நான்கு வருடம் முன்பே நிறுத்திவிட்டார்கள். சொந்தக் காரில், மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் போனாள். பண்ணை வீட்டில் தெல்மா கட்டிங் என்ற அம்மாள் கதவைத் திறந்தார். நெவிலின் காசு வயலைப் பார்க்க வந்திருப்பதாக மேவிஸ் சொன்னதும் அந்த அம்மாள் முகத்தைச் சுருக்கினார்.

"நெவிலா? அவர் வந்து எத்தனையோ வருஷமாச்சேம்மா. அந்த வயலுக்குள்ள இப்ப நானே போக முடியாது. வாங்க, காட்டறேன்."

வீட்டுக்குப் பின்னால் போனார்கள். இரண்டாள் உயரக் கம்பிவேலி. உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகள். கம்பெனிக்குக் குத்தகை விட்டு ஏழு வருடம் ஆகிறதாம். சாவி கம்பெனியிடம் இருக்கிறதாம். அதற்கு முன்பு நெவில் இரண்டு கோடைக்காலம் தேடிப் பார்த்தாராம். ஒரு குதிரை லாடமும் டிராக்டர் நட்டுகளும்தான் கிடைத்தனவாம்.

மேவிஸ் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் இருந்தாள். பன்னிரண்டு பதிவு. ஒவ்வொன்றிலும் கீழே அவள் பெயர். 'இடம்: உறுதியானது' என்று அவளே தேர்ந்தெடுத்த குறிப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று மழுப்பியவர்கள்கூட அவளை ஏமாற்றவில்லை. எட்டு இலக்கம் எழுதிக் கொடுத்தவர்தான் ஏமாற்றியிருக்கிறார்.

நேராக நெவில் வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் பன்றியிறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கெட்டிலை வைத்தார்.

"சோலார் தகடு போட்டு ஏழு வருஷமாச்சாம் நெவில்."

"போய்ப் பாத்துட்டீங்களா?"

"பன்னெண்டு காசு. பன்னெண்டும் பொய்."

"காசு பொய்யில்லம்மா. இடந்தான் பொய்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் தேநீரை ஊற்றி அவள் முன்னால் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்ககிட்ட ஒருதடவ உண்மையச் சொன்னேன். எட்டு வருஷம் முந்தி, லிங்ஃபென் பண்ணையில கெடைச்ச அந்த வெள்ளி ஊக்குக்கு. நீங்க நூலகத்துல அதப்பத்திப் பேசினீங்க. ஊர் பேரச் சொல்லல, வாஸ்தவந்தான். ஆனா வயலோட படத்தப் போட்டீங்க. பின்னாடி அந்தப் பண்ணைக்காரர் ஹியூவோட தண்ணித் தொட்டி பளிச்சுன்னு தெரிஞ்சுது. இந்தப் பக்கத்து ஆளுக்கு அது போதும்."

மேவிஸுக்கு அந்தப் படம் நினைவிருந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று அவளே தேர்ந்தெடுத்த படம்.

"ரெண்டு வாரங்கழிச்சு திருட்டுப் பசங்க வந்தானுங்க. ஹியூவோட பார்லிக்குள்ள நாப்பத்திமூணு குழி. நானும் அவரும் சேந்து எண்ணினோம். நாந்தான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன்னு நெனைச்சார். இருபது வருஷப் பழக்கம்மா. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிட்டார்."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நெவில் கிளப்புக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று சொன்னதாக மேவிஸ் கேள்விப்பட்டிருந்தாள்.

"அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அழுதிருப்பீங்க. நீங்க அழுதா நான் மறுபடியும் எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சிருப்பேன்."

மேவிஸ் அழவில்லை. கோபத்தோடு வந்திருந்தாள், அந்தக் கோபத்தை இப்போது எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி என்று பிரித்தாலும் எந்தப் பாதியும் குறையவில்லை. ஒரு நிலக்காரரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு எட்டு வருடமாக அவளுக்கே தெரியாமல் அவளிடம் கிடந்திருக்கிறது. தேநீரைத் தொடாமல், காசுகளையும் வரைபடத்தையும் எடுத்துவரச் சொன்னாள்.

உண்மை இதுதான். சில காசுகள் ஹியூவின் லிங்ஃபென் பண்ணையில், அவர் விரட்டுவதற்கு முன்பே கிடைத்தவை. மற்றவை அதற்குப் பிறகு ஆற்றைத் தாண்டி, ஒன்பது மைல் தள்ளி வாடெல் பண்ணையில் கிடைத்தவை. எல்லாவற்றையும் நெவில் ஒரே புகையிலை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மேவிஸிடம் காட்டத் துணிவு வந்தபோது, பிராக்கம் வயலில் தேட முன்பு வாங்கிய அனுமதிச் சீட்டில் இருந்த வரைபட எண்ணை எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொன்றாக மேசையில் வைத்து யோசித்தார். இது நாய் என் பன்றிக்கறி ரொட்டியைத் தின்ற நாள், அதனால் லிங்ஃபென் என்றார். இது வாடெல் பையன் கல்யாணத்துக்கு மறுநாள் என்றார். இரண்டு மணி நேரத்தில் ஏழு காசுக்கு இடம் சொன்னார். மூன்று லிங்ஃபென், நான்கு வாடெல். நாலு காசுக்குத் தலையை ஆட்டி விட்டுவிட்டார். கடைசியில் பியோன்னா மிஞ்சியது.

பனி மூட்டமாக இருந்தது, விரல் மரத்துப் போயிருந்தது என்றார். இரண்டு பண்ணையிலும்தான் பனி விழும். பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருந்ததா என்று மேவிஸ் கேட்டாள். இருந்த மாதிரி இருக்கிறது என்றார். லிங்ஃபென்னில் ஆடு கிடையாதே என்றாள். அப்படியானால் இல்லைபோல என்றார். அவள் குரலில் தவிப்பு ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லிங்ஃபென்தான்" என்றார் திடீரென்று. "ஆமா. லிங்ஃபென்தான்னு போட்டுக்குங்க."

மேவிஸ் பேனாவைத் திறந்தாள். லிங்ஃபென் என்றால் எவ்வளவு பொருந்தும். வெள்ளி ஊக்கு, மூன்று காசு, அதோடு அரசன் பெயர் போட்ட காசும். டாக்டர் மோலின் சந்தையை அப்படியே தூக்கி அங்கே வைத்துவிடலாம். பேனா முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"எனக்காகச் சொல்றீங்களா நெவில்?"

அவர் காது மடலைத் தேய்த்தார்.

மேவிஸ் மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்தாள். அந்த வார்த்தையை அவர் அவளுக்கு ஒரு நஷ்ட ஈடாகக் கொடுக்கப் பார்த்தார் என்பது புரிந்தது. எடுத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்த ஆசை விடவில்லை.

மறுநாள் மேலாளர் காலின் ஃப்ரூயரிடம் விஷயத்தைச் சொன்னாள். காலின் நல்ல மனிதர், சண்டை என்றால் ஒதுங்கிப்போகிறவர். வருடாந்தர நிதி விண்ணப்பத்தில் பிராக்கம் சந்தையைப் பற்றி முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். கட்டுரை வந்துவிடட்டும், பிறகு ஓசைப்படாமல் திருத்திக்கொள்ளலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். பன்னிரண்டு பதிவிலும் பிராக்கத்தைக் காலையிலேயே அடித்துவிட்டேன் என்று மேவிஸ் சொன்னாள். காலின் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அந்த மாதம் முழுக்க அவளிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

டாக்டர் மோலுக்கு எழுதிய கடிதத்தை நான்கு முறை கிழித்தாள். நெவில் பொய் சொன்னார் என்று மட்டும் எழுதினால் அது அரை உண்மை. தான் காட்டிய படத்தில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். தெரியப்படுத்தியதற்கு நன்றியாம். கீழே முழுப் பெயரில் கையெழுத்து; அதுவரை ஆன்தியா என்றுதான் போடுவார்.

ஜூன் கடைசியில் லிங்ஃபென்னுக்குப் போனாள். ஹியூ பெண்டல் வேலிக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தன்னை யாரென்று சொல்லி, படத்தைப் பற்றிச் சொல்லி, தவறு தன்னுடையது, நெவிலுடையது அல்ல என்றாள். அவர் எண்ணெய்க் குடுவையைக் கீழே வைக்கவில்லை.

"எட்டு வருஷங்கழிச்சு வந்திருக்கீங்க."

"எனக்குத் தெரிஞ்சதே போன மாசந்தான்."

"இருக்கலாம்." கதவை ஆட்டிப் பார்த்தார். கீச்சிட்டது. "நெவில்கிட்ட நான் பேசிக்கறேன். அது எங்களுக்குள்ள. ஆனா என் நிலம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது."

மூன்று காசுக்கு இடம் உறுதி, அதையாவது பதிய வேண்டும் என்று அவள் வாதாடினாள். எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைக்கிற வழி இருக்கிறது என்றாள். அன்றைக்கு ஊர்ப் பெயரையும் அப்படித்தானே மறைத்தீர்கள் என்று அவர் கேட்டார். கடைசியில் கிராமத்தின் பெயரை மட்டும் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். கிராமம் என்றால் நாலாயிரம் ஏக்கர். அதற்குள் எந்த வயல் என்று அவளுக்குத் தெரியும். கண்ணெதிரே பார்லி ஆடிக்கொண்டிருந்தது. எழுத முடியாது.

நெவில் கோடை முழுக்கக் கிளப்புக்கு வரவில்லை. நவம்பரில் வந்தார். ஹியூ தன்னை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கேக் கொடுத்ததாகவும், நிலத்துக்குள் மட்டும் விடவில்லை என்றும் சொன்னார். கையில் இரண்டு காகித உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு. வாடெல் பண்ணை, தேதி, எண், அன்றைய வானிலைகூட உறைமேல் கொட்டை எழுத்தில் இருந்தது. மேவிஸ் எடை போட்டாள், படம் எடுத்தாள், நன்றி சொன்னாள்.

சனிக்கிழமை சொந்த பெட்ரோலில் வாடெல் பண்ணைக்குப் போய், நிலக்காரரிடம் தேதியைக் கேட்டு, உழவுச் சேற்றில் நடந்து அந்த எண் சுட்டிய இடத்தைப் பார்த்தாள். குழியை மூடிய புது மண் அங்கே இருந்தது. எல்லாம் அவர் சொன்னபடியேதான்.

டிசம்பரில் அவர் மூன்றாவது உறையைக் கொடுத்தபோது, "இதையும் போய்ப் பாப்பீங்கள்ல?" என்று கேட்டார். பார்ப்பேன் என்றாள். சேறு அதிகம், நீளமான பூட்ஸ் போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அவள் போனாள்.