சித்தாளுக்கு ஓர் அறை

கட்டட வேலைக்காரர்கள் நடுவே ‘ரசமட்டம்’ மேஸ்திரி என்றால் தெரியாத ஆள் கிடையாது. ரசமட்டம் என்பது தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. அந்த மேஸ்திரிக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் போதும், நூல் பிசகாமல் சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷர். படித்தவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விழித்த இடங்களில், காலால் கோடு கிழித்து வேலையை முடித்துக் கொடுத்தவர். அப்பன் சொத்து கிடையாது, ஒருத்தன் சிபாரிசு கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் விமானம் ஏறியது ஒரே ஒரு காரியத்துக்காக. சம்சாரத்துக்கு முட்டி மாற்றி நாலு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. உட்கார வைக்காவிட்டால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தால் அந்த அம்மாளை யாராலும் உட்கார வைக்க முடியாது. அடுப்பும் விளக்குமாறும் இல்லாத இடமாக ஒன்று வேண்டும் என்று மகளிடம் சொன்னார். அவள் தேடிப் பிடித்தது வெளிநாட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சிக்கன ஹோட்டல். ஆறு நாள் தங்கல்.

ராத்திரி போய்ச் சேர்ந்தபோது மூவரும் துவண்டு போயிருந்தார்கள். லிஃப்ட் கதவில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அறை தீப்பெட்டி மாதிரி. மூன்று கட்டில் போட்டது போக, பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் ஒருவர் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி சும்மா இருப்பாரா? சுவரைத் தட்டிப் பார்த்து, அட்டை என்றார். குளியலறைத் தரையில் உள்ளங்கையை வைத்து, வாட்டம் சரியில்லை என்றார். தான் போட்ட தரையில் சொட்டுத் தண்ணீர் நிற்காது என்பதை மகளுக்கு விவரமாக எடுத்துச் சொன்னார். அவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

சம்சாரம் அதற்குள் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்திருந்தார். வெள்ளைத் தூசி. முந்தானையால் துடைத்தார்.

முதல் நாள் காலை மேஸ்திரி பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் மூன்று கட்டிலும் சுருக்கமில்லாமல் விரிந்து கிடந்தன. பிறகு அந்த அம்மாள் குளியலறைத் தரையை ஒரு துண்டால் ஒற்றி எடுத்தார், கண்ணாடியைப் பளபளவென்று ஆக்கினார், குப்பையை ஒரு பையில் முடிந்து வாசலோரம் வைத்தார். அறை சுத்தம் செய்ய வந்த பெண்மணி எட்டிப் பார்த்து, செய்ய ஒன்றுமில்லாமல் சிரித்து, சோப்பு இரண்டை வைத்துவிட்டுப் போனாள். பரீட்சையில் தேறியவர் மாதிரி சம்சாரம் கட்டிலில் சாய்ந்தார். சாயங்காலம் முட்டி வீங்கியது.

இரண்டாம் நாள் மேஸ்திரி துண்டுகளை எல்லாம் ஒளித்து வைத்தார். அவருடைய பனியனே துடைக்கிற துணியானது.

“அம்மா, நாளைக்கு உன்னை இங்கேயே வேலைக்குச் சேத்துக்கப் போறாங்க பாரு” என்றாள் மகள்.

“சேத்துக்கட்டுமே. யூனிஃபார்ம் நல்லாத்தான் இருக்கு.”

மூன்றாம் நாள் அந்தக் காலை மடக்கவே முடியவில்லை. மேஸ்திரி பொறுமையிழந்து கத்தினார். இத்தனை தூரம் கூட்டி வந்தது இதற்குத்தானா என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் தன் பேச்சை எந்தத் தொழிலாளியும் தட்டியதில்லை என்றார். சம்சாரம் முட்டியைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“கோவிச்சுக்காதீங்க. புதுக் கட்டடத்தைப் பாத்தா கை நிக்க மாட்டேங்குது. நீங்க கட்டின வீட்டுல ஒண்ணையாவது நான் துடைக்காம சாவி குடுத்திருக்கோமா? வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள முடிச்சுட்டுக் கிளம்பிடணும். இங்கயும் யாரோ வந்துடுவாங்கன்னே இருக்கு.”

“யாரும் வரமாட்டாங்க. நாமதான் வந்திருக்கோம்.”

“ஆமா” என்றார் அவர், நம்பாமல்.

மேஸ்திரி அந்த முட்டியைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அவரிடம் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவள்தான் இவள். கட்டி முடித்த ஒவ்வொரு வீட்டிலும், தரையில் சிந்திய சிமெண்டுப் பொட்டுகளைப் பிளேடால் சுரண்டிக்கொண்டு முட்டி போட்டு அறை அறையாக ஊர்ந்திருக்கிறாள். எத்தனை வீடு கட்டினேன் என்று அவர் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறார். நியாயமான பெருமைதான், யாரால் முடியும்? ஆனால் அந்தக் கதையில் இந்த முட்டி ஒருநாளும் வந்ததில்லை.

நாலாம் நாள், சம்சாரம் போர்வையில் கை வைக்குமுன் மேஸ்திரி அவர் கையைப் பிடித்து எழுப்பி, அறையைப் போட்டது போட்டபடி விட்டு வெளியே கூட்டி வந்தார். லிஃப்ட் வாசலில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

“ஈரத்துண்டு கட்டில்மேல கெடக்குதுங்க.”

“கெடக்கட்டும்.”

கீழே வரவேற்பு மேசைக்கு எதிரே ஒரு சோபா இருந்தது. மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் காலைத் தூக்கி வைத்துவிட்டு, டீ வாங்கப் போனாள். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் சம்சாரம் நிமிர்ந்து பார்த்தார். ஒரு தடவை எழுந்துகொள்ளவே பார்த்தார்.

“நீ போறதா இருந்தா சொல்லு, நான் போய்த் துடைக்கிறேன்” என்றார் மேஸ்திரி. “எனக்கு இடுப்பு சரியில்ல. விழுந்தா நீதான் தூக்கணும், பாத்துக்க.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அவர் தோளில் தலையைச் சாய்த்தார். மகள் டீயோடு வந்தபோது அம்மாவின் வாய் லேசாகத் திறந்து, குறட்டையே வந்திருந்தது.

வெகுநேரம் கழித்து, அறை சுத்தம் செய்யும் அந்தப் பெண்மணி வாளியோடு இறங்கி வந்து, அறை தயார் என்று மேலே கைகாட்டினாள். மேஸ்திரி உதட்டில் விரலை வைத்தார். அவள் நாற்காலிமேல் இருந்த வீங்கிய காலைப் பார்த்தாள். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. சத்தமில்லாமல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, செருப்பிலிருந்து குதிகாலை மெல்ல வெளியே எடுத்தாள். மேஸ்திரியின் தோள் மரத்துக்கொண்டு வந்தது. அவர் அசையவில்லை.