செங்கல் நிறத்தில் ஒரு காங்கேயங் கன்று

மாட்டைப் பார்த்தே அதன் வம்சத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஏரியூர் டீக்கடையில் பீற்றிக்கொண்டிருந்த நான், என் வீட்டில் பிறந்த கன்றிடமே ஏமாந்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பொய்யில்லை. எங்கள் ஆலம்பாடி மாடு கருஞ்சாம்பல். நெற்றி புடைத்து, கொம்பு பின்னால் சாய்ந்திருக்கும். பர்கூர் மாடு செவலையில் வெள்ளைத் திட்டு, முன்கோபம். கன்னட எல்லைக்கு அந்தப் பக்கத்து அல்லிக்கார் மாட்டுக்கு முகம் நீளம். கொம்பு இரண்டும் அடியில் ஒட்டியே கிளம்பும். மூன்றும் பங்காளிகள் என்பார்கள். காங்கேயமும் சொந்தந்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். உடம்பு பெரிது, கொம்பு பிறை மாதிரி வளையும். வேறு ஏதோ பெரிய இனத்தின் ரத்தமும் கலந்ததாகப் பேச்சு.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமான புதிது. காங்கேயம் பக்கத்திலிருந்து மாமனார் ஒரு சினைப்பசுவை அனுப்பினார். பசு நல்ல வெள்ளை. அது ஈன்ற கிடேரிக் கன்றோ செங்கல் நிறம்.

"உங்கப்பாரு பர்கூர் காளைய வுட்டு ஏமாத்திட்டாரு" என்றேன் மனைவியிடம்.

"எங்கூட்டுக் கன்னெல்லாம் செவப்பாத்தானுங்க பொறக்கும். ஆறு மாசத்துல வெளுத்துரும்."

"வெளுக்கறதுக்கு அதென்ன வேட்டியா?"

அதோடு விட்டிருக்கலாம். அதே நகைச்சுவையை டீக்கடையிலும் சொன்னேன். கடையே சிரித்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குச் சேதி வந்துவிட்டது.

"எங்கப்பாரு பேரச் சந்தியில இழுத்துட்டீங்க. பொங்கலுக்குள்ள கன்னு வெளுக்கலீன்னா, மாட்ட ஓட்டிக்கிட்டு நானும் போயிர்றேன்" என்றாள்.

அப்புறம் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நான் தினமும் கன்றின் முன்னால் குந்தி, "வெளுத்துரு தாயி" என்று கெஞ்சினேன்.

மழைக்காலம் முடியும்போது முதுகில் மெல்ல வெளிறத் தொடங்கியது. சந்தோஷப்பட வேண்டியவன் சந்தேகப்பட்டேன். சாம்பல் பூசுகிறாளோ? ஒரு நாள் காலையில் ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். துண்டில் ஒன்றும் ஒட்டவில்லை. திரும்பினால், பால் சொம்போடு அவள். சிரித்துச் சிரித்துச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அன்று எனக்குக் காப்பி அவள் கையால் வந்தது, பேச்சோடு.

பொங்கலுக்கு மாமனார் வந்தார். வெளுத்து நின்ற கன்றைத் தடவிக்கொடுத்தார். டீக்கடைச் சேதி அவர் காதுக்கும் போயிருந்தது.

"மாட்டுக்குச் சுழி பாத்துத்தானுங்க மாப்ள அனுப்புனேன்" என்றார். "உங்களுக்குத்தான் பாக்காம வுட்டுட்டேன்."