கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மூன்று நிமிடம்

கடலூர் முதுநகரில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலையில் இருந்தபோது, என்னோடு அறையில் தங்கியிருந்தவன் எந்நேரமும் செல்போனும் கையுமாகத்தான் இருப்பான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். திடீரென்று சிரித்தான்.

"மச்சான், இங்கேர்ந்து சிதம்பரத்துக்கு பிளைட்ல போனா எவ்ளோ நேரம் சொல்லு?"

"ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட்டே இல்லியேடா."

"அது இந்தப் போன்ல இருக்கறவனுக்குத் தெரியல. எந்த ஊரப் போட்டாலும் கணக்கு சொல்றான். மூணு நிமிஷமாம். உன் பொண்டாட்டி தாளிச்சு முடிக்கறதுக்குள்ள போயி எறங்கிடலாம்."

நானும் சிரித்தேன். அவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் துணிமூட்டை, விசாகப்பட்டினத்தில் மீன் கூடை. இடம் கிடைக்காத நாளில் ரயில் நிலையத்தில் படுத்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். என் மனைவி சிதம்பரத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கிருந்து திரும்பினாலும் கடலூரில் பஸ் ஏறி, பி.முட்லூர் வந்ததும் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். எடுக்க மாட்டாள். மணி அடித்து நின்றால் உலை வைக்க வேண்டும் என்று அர்த்தம். நான் போய்ச் சேரும்போது சோறு வடித்திருப்பாள். முகத்தைப் பார்க்காமல்தான் தட்டை வைப்பாள், ஆனால் சோறு சூடாக இருக்கும். முட்லூரிலேயே இறங்கி, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஏதோ வேலை என்று போய்விட்ட நாட்களும் உண்டு. அன்றைக்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

விசாகப்பட்டினத்திலிருந்து பேசியபோது, "வந்து வந்து போறதுக்கு இனிமே வராத. இருக்கறதுன்னா வா" என்றாள்.

கடலூர் வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. ஓரிடத்தில் இருக்க என்னால் ஆகுமா என்று எனக்கே தெரியவில்லை. தூரத்து ஊர்களில் அவள் நினைப்பு எப்போதாவது வரும். இங்கே சிதம்பரம் போர்டு போட்ட பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. வேலை முடிந்ததும் சாலையோரம் போய் நிற்பேன். "தெனம் நிக்கிற, ஏறுறியா இல்லியா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டே விட்டார்.

அந்த மத்தியானம் ஏறிவிட்டேன். துணிமணி எல்லாவற்றையும் பையில் அடைத்து எடுத்துக்கொண்டேன். சிதம்பரத்திலும் தூக்குவதற்கு மூட்டை இருக்கத்தான் செய்யும்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். முட்லூரில் போன் அடித்தேன். மணி அடித்து நிற்கட்டும் என்று காத்திருந்தால், எடுத்துவிட்டாள்.

"எங்க?"

"முட்லூரு."

"சோறு வெக்க மாட்டேன். எத்தினி தடவ வீணாப் போயிருக்கு."

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது.

"மாவு இருக்கு," என்றாள். "தோசன்னா ஆளு வந்து உக்காந்தப்பறம்தான் ஊத்த முடியும். வந்து உக்காரு, ஊத்துறேன்."

பாலத்தில் முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்று நிமிட விமானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.